நிறுத்திவைக்கப்பட்டவை

அனுமந்தன்பட்டி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அனிதாக்காவுக்கு,

தங்கை ஜெஸ்லின் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். மடத்துக் கம்பிக்குப் பின்னால் உனக்குச் சுகம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? உனக்குப் போனும் கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. உன்னால் இந்தக் காலத்தில் தபால்தலை வாங்கப் போகும் ஒரே மனுஷி நான்தான். உத்தமபாளையம் போஸ்டாபீஸில் என்னைக் கண்டாலே "கன்னியாஸ்திரி தங்கச்சி வந்துட்டாக" என்று சிரிக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பன்னீர் திராட்சைக்கு இந்த வருஷமும் விலை இல்லை. வியாபாரி சொல்கிற விலை பறிப்புக் கூலிக்கே காணாது. அதனால் கிறிஸ்மஸுக்கு வீட்டில் காய்ச்சுகிற திராட்சை ரசத்தை இந்த முறை பெரிய அளவில் போடப்போகிறோம். அதே பக்குவம்தான். சீனி, பட்டை, கிராம்பு, அவ்வளவுதான். ஒரு சொட்டுப் போதை கிடையாது. லேப்பில் சோதித்துச் சீட்டும், உணவு லைசென்ஸும் வாங்கியாச்சு. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கார்டு போட்டுப் பணம் கட்டுவார்கள். நாங்கள் இங்கே அவர்கள் வீட்டுக்குப் பரிசுப்பெட்டி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்கு மெர்ச்சன்ட் அக்கவுண்ட் வேண்டுமாம். பேங்கில் கேட்டால் ரெண்டு வருஷக் கணக்கு, கடை போட்டோ, ஆள் வந்து பார்ப்பது என்று மாசக்கணக்கில் இழுக்கிறார்கள். ஒரு சென்னைக் கம்பெனி போனிலேயே பத்து நிமிஷத்தில் தருகிறேன் என்கிறது. கமிஷனும் குறைச்சல். நீ மடத்துக்குப் போகுமுன் சென்னையில் பேங்க் கார்டுப் பிரிவில்தானே குப்பை கொட்டினாய். எதை எடுக்க, சொல்.

அவருக்குத்தான் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. பந்தலுக்கு மருந்து அடித்ததால் இருக்கும் என்கிறார்.

பிப்ரவரியில் உனக்கு நித்திய வார்த்தைப்பாடு, இனி ஆயுசுக்கும் நீ மடத்துக்குத்தான் என்று சாமியார் பூசையில் அறிவித்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது, அழுகையும் வந்தது.

உன் தங்கை
ஜெஸ்லின்

* * *

கார்மேல் மடம்
5 செப்டம்பர் 2024

ஜெஸ்லிக்கு,

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். முழங்கால் அப்படியே இருக்கிறது. முழந்தாள்படியிடுவதே வேலையாக இருப்பவளுக்கு அது எப்படிக் குறையும்?

நூற்றுக்கு எவ்வளவு பிடிக்கிறான் என்பதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். நீ அதைக் கேட்காதே. பணம் எப்போது கைக்கு வரும், எந்தக் காரணம் சொல்லி நிறுத்துவான், நிறுத்தினால் எத்தனை காலம், இதைக் கேள். பேங்க் உன்னை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும். அந்தக் கம்பெனி உன்னைச் சிரித்து உள்ளே விட்டுவிட்டு, பணம் நிறையச் சேர்ந்த பிறகு கேள்வி கேட்கும். ஏழு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். மெதுவாக ஆனாலும் பேங்க்தான். இல்லை, கம்பெனிதான் என்றால் அவர்கள் எந்தத் தொழிலுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்ற பட்டியலை முழுக்கப் படி.

மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குவது மருந்துப் புகையால் இருக்காது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்த உடம்பு அது, இதயத்தைப் பார்க்க வேண்டும். தேனியில் நல்ல டாக்டரிடம் காட்டு. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

ஜெபத்தில் உங்களோடு,
வியாகுலமேரி (உன் அனிதா)

* * *

பெறுநர்: வணிகர் உதவிப் பிரிவு
9 அக்டோபர் 2024

ஐயா / அம்மா,

வணக்கம். நலமாக இருப்பீர்கள். உங்கள் படிவத்தில் "எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நாலு வார்த்தைக்கு மேல் போகவில்லை. அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

என் கணவர் அருண் ஜோசப்புக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. மதுரையில் டிசம்பர் 12 ஆபரேஷன். காப்பீட்டு அட்டை பாதியைத்தான் தாங்கும். மீதியைக் கட்டினால்தான் பெட் தருவார்கள். என் நகையெல்லாம் ஏற்கெனவே பாட்டிலாகவும் சீனியாகவும் மாறிவிட்டது. கிறிஸ்மஸ் ஆர்டர் பணம் வந்தால் கட்டிவிடுவோம். பேங்க் அக்கவுண்ட் கிடைக்க ஜனவரி ஆகுமாம். நீங்கள் உடனே தருகிறீர்கள். இதுதான் காரணம்.

வீட்டில் வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

இப்படிக்கு
அ. ஜெஸ்லின்

* * *

அனுமந்தன்பட்டி
12 நவம்பர் 2024

அனிதாக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் திட்டாதே. அடுப்பு அணைவதே இல்லை. என் கையைப் பார்த்தால் கொலைகாரி கை என்பாய், அப்படி ஒரு சிவப்பு.

நீ பேங்க் என்றாய். நான் கம்பெனியை எடுத்துவிட்டேன். கோபப்படாதே, கிறிஸ்மஸ் நமக்காகக் காத்திருக்காது. நீ சொன்ன பட்டியலைப் படித்தேன். சூதாட்டம், துப்பாக்கி, சாராயம் என்று போட்டிருக்கிறான். நமக்கென்ன, சாராயமா காய்ச்சுகிறோம் என்று இருவரும் சிரித்தோம். நிஜமாகவே பத்து நிமிஷத்தில் கொடுத்தான். ஆர்டர் கொட்டுகிறது. போனைத் திறந்தால் பணம் ஏறிக்கொண்டே இருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் மொத்தமாகக் கைக்கு வருமாம். அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டரிடம் காட்டியாச்சு. ஒன்றும் இல்லையாம். ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நீ உன் வார்த்தைப்பாட்டைப் பார்.

உன் தங்கை
ஜெஸ்லின்

* * *

கார்மேல் மடம்
28 நவம்பர் 2024

ஜெஸ்லிக்கு,

ஆண்டவர் துணை. டானிக் என்ன டானிக்? எந்த டாக்டர்? எக்கோ எடுத்தார்களா? நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் சுருக்கமாகச் சொல்வாய். உன் கடிதத்தில் அந்தப் பத்திதான் ரொம்பச் சுருக்கம்.

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. வழக்கம்போல கிறிஸ்மஸ் வரை கடிதம் எதுவும் எங்கள் கைக்கு வராது, நாங்களும் எழுத மாட்டோம். வருகிற கடிதத்தை மதர் பிரித்துப் பார்ப்பார். சாவோ பெரிய நோயோ என்றால் உடனே கொடுப்பார். மற்றதெல்லாம் கிறிஸ்மஸ் காலையில்தான். ஆபீஸ் போனும் அதற்கு மட்டும்தான். இது உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையை மாடிப்படி ஏறவிட்டுப் பார். நடுவில் நின்றால் என்னிடம் மறைக்காதே.

உன் அனிதா

* * *

பெறுநர்: வணிகர் உதவிப் பிரிவு
4 டிசம்பர் 2024

வணக்கம். நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

எங்கள் கணக்கை நிறுத்திவைத்ததாக இன்று காலை உங்களிடமிருந்து மெயில் வந்தது. "தடைசெய்யப்பட்ட தொழில்: மது விற்பனை" என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் மது விற்கவில்லை. கிறிஸ்தவ வீட்டில் காய்ச்சுகிற திராட்சை ரசம். குழந்தை குடிக்கலாம்.

12-ஆம் தேதி என் கணவருக்கு ஆபரேஷன். இரவில் படுக்க முடியாமல் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்குகிறார். கால் வீங்கிவிட்டது. எல்லா ஆர்டரும் அனுப்பிவிட்டோம். சனங்கள் கட்டிய பணம் முழுக்க உங்களிடம் இருக்கிறது. அது எங்கள் பணம். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இணைத்திருக்கிறேன். ஒரு மனுஷராவது படித்துப் பாருங்கள்.

அ. ஜெஸ்லின்

* * *

அனுமந்தன்பட்டி
5 டிசம்பர் 2024

அனிதாக்காவுக்கு,

நாங்கள் சுகம். கவரின் மேல் 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். உங்கள் மதர் பார்த்துக் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

அந்தக் கம்பெனிக்காரன் அக்கவுண்டை நிறுத்திவைத்துவிட்டான். நாங்கள் மது விற்கிறோமாம்! எப்படி என்று கேள். படிவத்தில் "என்ன விற்கிறீர்கள்" என்பதை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். ரசத்துக்கு இங்கிலீஷில் என்ன என்று போனில் தமிழில் அடித்தால் 'சூப்' என்று காட்டுகிறது. திராட்சை சூப்பாம், எவன் வாங்குவான்? ஜூஸ் என்று போட்டால் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடை மாதிரி இருக்கும். மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். உன் மாப்பிள்ளை சொன்னார்: "ஏ ஜெஸ்லி, கானாவூர் கலியாணத்துல ஆண்டவரு தண்ணிய என்னவா மாத்துனாக?" திராட்சை ரசம்தான் என்றேன். "இங்கிலீசு பைபிள எடுத்துப் பாரு. அங்கன என்ன போட்டிருக்கோ அதையே போடு. பைபிள்ல தப்பா போட்டிருப்பாகளா?" பார்த்தேன், 'ஒயின்' என்று இருந்தது. அதையே போட்டேன். பூசையில் கேட்டுக் கேட்டு நமக்கு ரெண்டும் ஒன்றுதானே.

உதவிப் பிரிவுக்கு எத்தனை தடவை எழுதினாலும் மெஷின் மாதிரிப் பதில் வருகிறது. நீ இதிலேயே இருந்தவள். யாருக்கு எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும், சொல். சீக்கிரம் சொல்.

█████████████████

அவர் நன்றாக இருக்கிறார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

உன் தங்கை
ஜெஸ்லின்

* * *

அனுப்புநர்: வணிகர் உதவிப் பிரிவு
13 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெஸ்லின் அவர்களே,

இந்த மின்னஞ்சல் உங்களை நல்ல உடல்நலத்துடன் சந்திக்கும் என நம்புகிறோம்.

உங்கள் உணர்வுகளை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். எனினும் நீங்கள் இணைத்துள்ள மருத்துவ ஆவணங்கள் கணக்கு மறுஆய்வுக்குத் தேவையான ஆவணங்கள் அல்ல. கொள்கையின்படி தொகை ஆறு மாதங்கள் வரை நிறுத்திவைக்கப்படலாம். உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் கணவர் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.

இந்தப் பதில் உங்களுக்கு உதவியதா? ஆம் / இல்லை.

மகிமா
வணிகர் உதவிப் பிரிவு

* * *

கார்மேல் மடம்
25 டிசம்பர் 2024

ஜெஸ்லிக்கும் மாப்பிள்ளைக்கும்,

பிறந்திருக்கிற பாலன் உங்கள் வீட்டுக்கும் வரட்டும். உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. 'அவசரம்' என்று பார்த்து மதர் பிரித்திருக்கிறார். உள்ளே பூராவும் அக்கவுண்ட், கம்பெனி, ஒயின். "வியாபார விஷயம்தானே" என்று பெட்டியில் வைத்துவிட்டார். மூன்று வாரம் ஆகிவிட்டது. உன்னை நினைத்தால் மனசு ஆறவில்லை.

சரி, இப்போது செய். உதவிப் பிரிவுக்கு எழுதினால் உதவிப் பிரிவுதான் பதில் சொல்லும். அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. வெப்சைட்டின் அடியில் பொடி எழுத்தில் குறைதீர் அதிகாரி என்று ஒரு பெயரும் மெயிலும் இருக்கும். சட்டப்படி போட்டே ஆக வேண்டும். அவருக்கு எழுது. அழாதே, கதை சொல்லாதே, நாலே வரி: "தொழில் வகை தவறாகக் குறிக்கப்பட்டது. சரக்கு, பழ சிரப். உணவு லைசென்ஸ் நகல் இணைப்பு. ஆல்கஹால் இல்லை என்ற லேப் ரிப்போர்ட் இணைப்பு. மறுஆய்வு கோருகிறேன்." முதலில் வெப்சைட்டில் ஒயின் என்ற சொல்லை எடுத்துவிடு. நான் அந்த மேஜையில் இருந்தபோது இப்படி வருவதை அன்றன்றைக்கே விடுவித்திருக்கிறேன்.

ஒரு வரியை மையால் அடித்திருக்கிறாய். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. அதில் என்ன இருந்தது? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?

உன் அனிதா

* * *

அனுமந்தன்பட்டி
11 ஜனவரி 2025

அக்கா,

சுகம் என்று எழுதிப் பழகிய கை. எழுதிவிட்டுக் கிழித்தேன், இது இரண்டாவது தாள்.

அவர் போய்விட்டார். டிசம்பர் 21. மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டவில்லை. என் மடியில்தான் தலை இருந்தது. "பணம் வந்துருச்சா பாரு" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. வேறு ஏதாவது பேசியிருக்கலாம் அந்த மனுஷன்.

12-ஆம் தேதி பணம் கட்ட முடியாததால் பெட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தேதி ஜனவரி 8 என்றார்கள். தோட்டத்தை விற்றாவது கட்டுகிறேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தேவாரம் ஊரிலிருந்து வாங்குகிற ஆள் ஒருவரை வரவழைத்தும் விட்டேன். உன் மாப்பிள்ளைதான் போனைத் திறந்து காட்டினார். "இங்கன பாரு, நம்ம பணம் இருக்கு. எவனும் எடுக்கல. கொஞ்சம் லேட்டாத்தான் தருவான், அதுக்குப் போயி தோட்டத்த விப்பாகளா?" வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் கண்ணுக்கு முன்னால் தெரிந்ததுதான் வினை. இல்லாமலே இருந்திருந்தால் விற்றிருப்போம்.

அந்த அடித்த வரி என்ன என்று கேட்டாய். "அவருக்கு வால்வு ஆபரேஷன், 12-ஆம் தேதி, அதற்குத்தான் இந்தப் பணம்" என்று எழுதியிருந்தேன். பேனாவைப் பிடுங்கி அவர்தான் அடித்தார். "மதினிக்கு இது வார்த்தைப்பாட்டு வருசம். ஏற்கெனவே உங்கம்மா படுக்கையில கெடந்தப்ப பாதியில எந்திரிச்சு வரப் பாத்தவுக. இப்பத் தெரிஞ்சா கெளம்பி வந்துருவாக. என்னால ஒரு ஆத்துமாவோட அழைப்பு கெடணுமா?" என்றார். மடத்துக்குப் போன் போடவும் விடவில்லை. முதல் நாளிலிருந்தே என் வாயைக் கட்டிவிட்டார்.

அவர் நோயை அந்தக் கம்பெனிக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது லைசென்ஸும் லேப் சீட்டும். உனக்கு அக்கவுண்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். உங்கள் மதருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரி. மாற்றி எழுதியிருந்தால் போதும், அக்கா. இதை நினைக்க நினைக்க எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது.

சாவுச் செய்திக்குப் போனில் கூப்பிடலாம் என்று தெரியும். கூப்பிடவில்லை. 'அவசரம்' என்று எழுதியும் நீ பதில் போடவில்லை என்ற ஆத்திரம். கிறிஸ்மஸ் கடிதம் வருஷக் கடைசியில் வந்தது. என்ன நினைத்தேனோ, நீ எழுதித் தந்த நாலு வரியை அப்படியே அனுப்பினேன். மூன்றாம் நாள் பணம் முழுக்க வந்துவிட்டது.

ஜெஸ்லின்

* * *

கார்மேல் மடம்
20 ஜனவரி 2025

ஜெஸ்லி, என் தங்கமே,

எதைச் சொல்லி ஆரம்பிப்பேன். மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

உன் கடிதத்தை மதரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "வியாபாரம்னு நினைச்சேன்மா" என்றார். எழுபது வயது மனுஷி, கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் அன்றன்றைக்கே அவிழ்க்கிற முடிச்சு, ஜெஸ்லி. அந்தப் பெட்டி இருக்கிற அறைக்கு நேர் மேலே, இருபது நாளும் உங்கள் இருவருக்காகவும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 2-இல் வார்த்தைப்பாடு கொடுக்க என்னால் முடியாது. வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மதர் கையெழுத்துப் போட மனமில்லாமல் வைத்திருக்கிறார், போடுவார். வந்து உன்னோடு இருக்கிறேன். கணக்கு வழக்கு, அந்தக் கம்பெனி எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தனியாக இருக்க வேண்டாம்.

எந்தப் பஸ்ஸில் வர வேண்டும் என்று எழுது.

அனிதா

* * *

அனுமந்தன்பட்டி
25 ஜனவரி 2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன். அண்டை வீட்டு ஜெபஷீலா ராத்திரி வந்து கூடப் படுத்துக்கொள்கிறாள்.

நீ வருகிறாய் என்று படித்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். மடியில் தலை வைத்து அழ ஒரு ஆள் வேண்டும் என்று ஒரு மாசமாக ஏங்குகிறேன். மச்சுப் பெட்டியிலிருந்து உனக்குப் பாயும் தலையணையும் எடுத்து வெயிலில் போட்டேன். அப்புறம்தான் யோசித்தேன்.

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. மதர் மேல் இருக்கிறது. மகிமா என்று கையெழுத்துப் போட்ட அந்தப் பெண் மேல் இருக்கிறது, அப்படி ஒரு பெண் நிஜமாக இருக்கிறாளோ என்னவோ. எல்லாரையும்விட அவர் மேல்தான் இருக்கிறது. பெரிய தியாகி! ஒரு வரியை விட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார். அந்தப் பேனாவை நான் ஏன் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

ஆனால் அவர் அடித்தது உன் வார்த்தைப்பாட்டுக்காக. மூச்சு விடமுடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தபோதும், பிப்ரவரிக்கு உன் மடத்துக்கு எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வருவது என்று கேட்டார். இப்போது நீ துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அனுமந்தன்பட்டியில் வந்து இறங்கினால், அந்த மனுஷன் எதற்காகச் செத்தார்? ஒன்றுக்கும் இல்லை என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. உனக்கு விருப்பம் இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. விசுவாசம் போய்விட்டது என்றாலும் பரவாயில்லை.

எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கு. மதரிடம் பேசு. பிப்ரவரி 2-இல் முழந்தாள்படியிட்டு வார்த்தைப்பாட்டைக் கொடு. நான் வர மாட்டேன், என்னைத் தேடாதே. பாயை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். வந்துவிடாதே, அக்கா. அங்கேயே இரு.

ஜெஸ்லின்